பார்க்கும் கூலி ஐந்நூறு

திருத்தணி அரக்கோணம் சாலையில், முரளிதரனின் கார் எலக்ட்ரிக்கல் பட்டறை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. மஞ்சள் பெயின்ட், கறுப்பு எழுத்து. 'பார்க்கும் கூலி ரூ.500. ரிப்பேர் தனி.' இந்த ஒன்றரை வரிக்காக அவன் ஆறு வருஷமாக ஊரோடு மல்லுக்கு நிற்கிறான்.

வழக்கு சாதாரணமானதுதான். ஒருவர் காரைக் கொண்டுவருகிறார், ஹாரன் அடிக்கவில்லை. முரளிதரன் இரண்டு மணி நேரம் மீட்டரும் கையுமாகத் தேடி, சீட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ஒரு ஒயரைக் கண்டுபிடித்து, வெட்டி ஒட்டி டேப் சுற்றுகிறான். ஐந்நூறு என்றதும் கார்க்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "டேப்பு எவ்ளோப்பா, பத்து ரூபா இருக்குமா?" என்பார். அதே ஆள் அட்டைப் பெட்டியில் வருகிற சாமான் என்றால் ஐயாயிரத்தை மூச்சுவிடாமல் கொடுத்துவிட்டுக் காலிப் பெட்டியையும் கேட்டு வாங்கிப் போவார். பெட்டியில் வராதது எதுவானாலும் ஓசியில் கிடைக்க வேண்டும் என்பது ஊரின் தீர்மானம்.

"வயித்து வலின்னு போறீங்க. ஸ்கேன் எடுக்கறவன் மருந்தா குடுக்கறான்? உள்ள இன்னா கீதுன்னு பாத்து சொல்றதுக்குத்தானே ரெண்டாயிரம் குடுத்துட்டுக் கும்பிட்டுட்டு வரீங்க?" என்று கேட்டுக் கேட்டு முரளிதரனுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் அவனே ஒரு விதி வைத்தான். கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் ஒற்றைப் பைசா வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் பேரம் பேசக் கூடாது. இதில் நியாயம் இருப்பதாக அவன் நம்பினான். பேரம் என்னவோ நின்றபாடில்லை.

பட்டறைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அது அவனுடையது மட்டுமல்ல, ஊரில் இருக்கிற அத்தனை எலக்ட்ரீஷியனுக்கும் பொது. இந்த ஊரில் முருகன் இல்லாத காரைப் பார்ப்பது அபூர்வம். புது வண்டி வாங்கினால் நம்பர் வருவதற்கு முன்னாலேயே மலைக்கு ஓட்டிப் போய், பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, டேஷ்போர்டில் முருகனை உட்கார வைத்துத்தான் இறங்குவார்கள். எலக்ட்ரீஷியன் வேலையோ கோணங்கி வேலை. தலை பிரேக் பெடலுக்கு அடியில் இருக்கும். கால் சீட்டுக்கு மேலே, சாமி முகத்துக்கு நேரே ஆடும். அதனால் வேலை தொடங்குமுன் சாமியை இறக்கி வைத்துவிடுவார்கள். முரளிதரன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கி, தன் சாமி படம் இருக்கிற அலமாரியில் ஒரு வெள்ளைத் துணி விரித்து வைப்பான். வேலை முடிந்ததும் மறுபடி கை கழுவி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தக் கார்க்காரரும் அவனைக் குறை சொன்னதில்லை.

குமரேசன் முதல் தடவை வந்தது ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பொதட்டூர்பேட்டைக்காரன், முப்பத்திரண்டு வயது. வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது. அதைப் பெண்டாட்டி சுதாவிடம் விட்டுவிட்டு, கடன் போட்டுப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கியிருந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு நாலு பேரைக் காலை ஷிஃப்டுக்கு ஏற்றிப் போகிற ஒப்பந்தம். திங்கள் முதல் சனி வரை, விடிகாலை நாலரைக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். அந்த ஒப்பந்தம் இருந்தால் கார் அவனுடையது. இல்லாவிட்டால் கடன் கொடுத்தவனுடையது.

"செல்ஃபே எடுக்கலண்ணா. டிக்குன்னு ஒரு சத்தங்கூட இல்ல. சனிக்கெழம நல்லா ஓட்டிக்கினு வந்து நிறுத்தனேன். இன்னிக்குக் காத்தால பாத்தா செத்துக் கெடக்குது. பக்கத்து வண்டியில ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணி வரேன்" என்றான்.

"நிறுத்தும்போது எதனா ஆன்ல வுட்டியா? உள் லைட்டு, பாட்டு, போன் சார்ஜர்?"

"ஒண்ணும் இல்லண்ணா. எல்லாத்தயும் ஆஃப் பண்ணிட்டு, ஒரு வாட்டி சுத்திப் பாத்துட்டுத்தான் எறங்குவேன்."

முரளிதரன் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினான். டேஷ்போர்டில் முருகன் ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்தார். முன்னால் சுடர் வடிவத்தில் ஒரு சிவப்பு பல்பு. கை கழுவி வந்து, விளக்கின் ஒயரைப் பிடுங்கி, அவரை அலமாரியில் வைத்தான். பிறகு பேட்டரியில் மீட்டரை மாட்டினான். வண்டி நின்ற பிறகும் எங்காவது கரண்ட் கசிந்தால் முள் காட்டிக் கொடுத்துவிடும். கசிவு இல்லை. பேட்டரியை மட்டும் சோதித்தான். மூன்று வருஷப் பழசு, நோஞ்சானாக இருந்தது.

"பேட்டரி போச்சு" என்றான். புது பேட்டரி ஐயாயிரத்து நானூறு. பார்க்கும் கூலி ஐந்நூறு. குமரேசன் பேட்டரிக்குப் பேசாமல் கொடுத்தான். ஐந்நூறுக்குக் கால் மணி நேரம் பேசினான். முரளிதரன் ஸ்கேன் சென்டரை இழுத்தான். கடைசியில் வாங்கிக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமையே வண்டி மறுபடி படுத்துவிட்டது. நாலு பேரும் அன்றைக்கும் ஷிஃப்டுக்குப் போகவில்லை. கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கிற வரதராஜன் போனில் குரலை உயர்த்தவில்லை. அதுதான் குமரேசனுக்குப் பயமாக இருந்தது. "ரெண்டு வாட்டி ஆச்சு தம்பி. மூணாவது வாட்டி எனக்குப் போன் பண்ணாத. வேற வண்டி வந்துகினு இருக்கும்" என்றார் அவர். கூடவே, திருவள்ளூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரின் பெயரையும் சொன்னார்.

குமரேசன் அங்கே போனான். கண்ணாடி அறை, ஏசி, காப்பி. கம்ப்யூட்டரை மாட்டினார்கள். அங்கேயும் முருகனை இறக்கி, ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, வண்டி நம்பரை ஒட்டி, உட்கார்ந்து காத்திருக்கிற குமரேசன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் அவன் முருகனை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தான். பிறகு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒரு காகிதம் தந்தார்கள். அதில் கோளாறு எதுவும் இல்லை என்று போட்டிருந்தது.

அந்தக் காகிதத்தோடு அவன் மறுநாள் முரளிதரனிடம் வந்தான். விளக்கு இரண்டாகியிருந்தது. முருகனுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"ஜோரா கீதே" என்றான் முரளிதரன்.

"சுதா வெச்சதுண்ணா. வண்டிக்குக் கண்ணு பட்டுட்ச்சின்னு சொல்லிக்கினே இருந்தா. மலையடிவாரத்து ஃபேன்சி கடையில வாங்கி மாட்டிக்கினு வந்துட்டா."

முரளிதரன் கை கழுவினான். சாமியை இறக்கினான். மீட்டரை மாட்டினான். கசிவு இல்லை. ஒவ்வொரு பியூஸாகத் தொட்டுப் பார்த்தான். கதவு விளக்கு, டிக்கி விளக்கு, பாட்டுப் பெட்டி எல்லாம் சுத்தம். மதியம் வரை தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

இங்கேதான் அவனுடைய விதியே அவன் கழுத்தைப் பிடித்தது. கண்டுபிடிக்காவிட்டால் கூலி இல்லை என்று விதி வைத்தவன் எதையாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும். கூலிகூடப் பெரிதில்லை. 'தெரியலப்பா' என்று சொல்வது பெரிது. ஆறு வருஷமாகப் பார்ப்பதற்குக் காசு கேட்டவன், பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றால் எதிரில் டீக்கடை போட்டிருக்கிற அசோக்குமார் ஆறு மாதத்துக்கு அதைச் சொல்லியே டீ விற்பான். முரளிதரன், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவை அளந்தான். பதிமூன்று புள்ளி நாலு வோல்ட் காட்டியது. பதினாலு காட்டினால் நன்றாக இருந்திருக்கும். பதிமூன்று நாலு என்றால் கெட்டுப்போனது என்றும் அர்த்தமில்லை. அது அவனுக்குத் தெரியும்.

"டைனமோ சரியா சார்ஜ் ஏத்தல" என்று சொல்லிவிட்டான்.

பிரித்து, உள்ளே ஒரு சாமானை மாற்றிப் பூட்டினான். மூவாயிரத்து எண்ணூறு. பார்க்கும் கூலி ஐந்நூறு. இந்தத் தடவை குமரேசன் பேரம் பேசவில்லை. பேசத் தெம்பில்லை. முருகனைத் திரும்ப வைத்து, ஒயரைச் செருகியதும் இரண்டு விளக்கும் எரிந்தன. இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை ஆடிக் கிருத்திகை. முரளிதரனுக்கு அது ஆறாம் நாள் தீட்டு. பள்ளிப்பட்டில் இருந்த பெரியப்பா இறந்துபோயிருந்தார். பத்து நாளைக்கு மலை ஏறக் கூடாது, சாமியைத் தொடக் கூடாது. அவன் மனைவி மனோரமா இதில் படு கண்டிப்பு. "பட்டறையில சாமி படத்துப் பக்கம் கைய கொண்டு போய்டாதீங்க. பழக்க தோஷத்துல ஊதுபத்தி ஏத்திடப் போறீங்க" என்று தினமும் சொல்லித்தான் அனுப்பினாள்.

காலை எட்டரைக்குக் குமரேசன் வண்டி வந்து நின்றது. முரளிதரன் அப்போது பங்காளிகளோடு போனில் காரியச் செலவு பேசிக்கொண்டிருந்தான். குமரேசன் காத்திருந்தான், பொறுக்க மாட்டாமல் சைகையும் பேச்சுமாகச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒரு சவாரி ஓடியதால் திங்கட்கிழமை தப்பித்த வண்டி, இப்போது அடுத்த திங்கட்கிழமைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நேற்று மாலை நிறுத்தியது, இன்று காலையில் செத்துவிட்டது. தெருவில் தறிக்காரர்கள் ஆறு பேர் எழுந்து வந்து தள்ளி, இருபது நிமிஷம் தாமதமாகக் கொண்டு சேர்த்திருக்கிறான். வரதராஜன் கேட்டில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாராம். இதுதான் கடைசி என்று மட்டும் சொன்னாராம்.

"நாளைக்குக் காத்தால வண்டி எடுக்கலன்னா நான் காலிண்ணா. மத்தியானம் சுதாவக் கூட்டிக்கினு வரேன். கிருத்திகைக்கு மலைக்குப் போவணும்னு சொல்லிக்கினு கீறா. அதுக்குள்ள பாத்து வெச்சிடுங்க" என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

போன் பேசி முடித்த முரளிதரன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். முருகன் நின்றிருந்தார். விளக்கு மூன்றாகியிருந்தது. கை கழுவக் குழாய்ப் பக்கம் போனவன் பாதியில் நின்றான். தீட்டு. தொடக் கூடாது.

யாரையாவது கூப்பிட்டு இறக்கச் சொல்லலாம் என்று எதிரே பார்த்தான். டீக்கடை பூட்டியிருந்தது, அசோக்குமார் மலையில் மோர் ஊற்றப் போயிருந்தான். பக்கத்து பஞ்சர் கடையும் பூட்டு. சாலையில் போகிறவர்கள் எல்லாரும் காவடியும் மஞ்சள் துணியுமாகப் போகிறார்கள். அவர்களை நிறுத்தி, காரில் இருக்கிற சாமியை இறக்கிக் கொடு என்று கேட்க முடியுமா? குமரேசன் போனை எடுக்கவில்லை. பஸ்ஸில் தூங்கியிருப்பான்.

"மன்னிச்சுக்கோ முருகா. தொடமாட்டேன். காலையும் மடக்கி வெச்சுக்கறேன்" என்றான் முரளிதரன். அவ்வளவு பெரிய உடம்பைச் சுருட்டிக்கொண்டு, காலைச் சீட்டுக்கு மேலே போடாமல் கதவுக்கு வெளியே தொங்கவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். வெளியே பேட்டரியில் மாட்டிய மீட்டரை நீள ஒயரோடு கொண்டுவந்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான்.

மீட்டர் இரண்டரை ஆம்பியர் காட்டியது.

அவன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். இரண்டரைதான். இரண்டு தடவையும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்த அதே வண்டி. ஒரு ராத்திரியில் புது பேட்டரியையே உறிஞ்சித் தீர்க்கிற கசிவு. அவனுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறியது. இத்தனை நாள் ஒளிந்திருந்தது இன்றைக்கு மாட்டிக்கொண்டது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். முதலாவது, இரண்டரை. இரண்டாவது, இரண்டரை. ஏழாவதைப் பிடுங்கியதும் மீட்டர் பொத்தென்று விழுந்தது. அதே நேரம் அவன் சட்டையின் மேல் அதுவரை விழுந்துகொண்டிருந்த சிவப்பு வெளிச்சமும் இல்லாமல் போனது.

பியூஸை மறுபடி செருகினான். சட்டை சிவந்தது. பிடுங்கினான். அணைந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி பையில்தான் இருந்தது.

முரளிதரன் எழுந்திருக்கவில்லை. அப்படியே படுத்துக் கிடந்தான். சாமி விளக்கு அணையக் கூடாது என்று ஃபேன்சி கடைக்காரன் அதைச் சாவியோடு சேர்க்காமல் நேரே பேட்டரி லைனில் மாட்டியிருக்கிறான். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது எரிகிறது. எதையாவது ஆனில் விட்டாயா என்று கேட்டபோது குமரேசன் பொய் சொல்லவில்லை. சாமி விளக்கை யார் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? ஆனால் கணக்கில் சேர்ப்பதற்குத்தானே முரளிதரன் காசு வாங்கினான். கோளாறைத் தன் இரண்டு கையாலும் பயபக்தியோடு தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, கோளாறு எங்கே என்று வண்டி முழுக்கத் தேடியிருக்கிறான். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் ஒரு விளக்கைக் கூட்டியிருக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஜோராக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். அதை நினைத்தபோது அவனுக்குக் காது சுட்டது.

வேலை ஐந்து நிமிஷம்தான். அடியில் வருகிற ஒயரை நேர் லைனிலிருந்து அவிழ்த்துச் சாவி லைனில் கொடுத்தான். சாமியைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. இனி வண்டியை நிறுத்தினால் விளக்கும் நிற்கும். இந்த வண்டி நாளைக்கும் எடுக்கும், அடுத்த திங்கட்கிழமையும் எடுக்கும்.

மிச்சமிருந்தது சொல்வது மட்டும். 'ஒயர் ஒண்ணு லீக்கு, எடுத்துட்டேன்' என்றால் முடிந்தது. பொய்யும் இல்லை. குமரேசன் நாலரைக்கு வண்டி கிளம்புகிற சந்தோஷத்தில் எந்த ஒயர் என்று கேட்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் சாயந்திரத்துக்குள் அடிவாரத்துக் கார் ஸ்டாண்டு முழுக்கப் பரவும். முருகனை இறக்கி வைத்துவிட்டுத் தேடினவர் என்று பெயர் வைப்பார்கள். அப்புறம் அந்தப் பலகையைக் கழற்றி அடுப்பில்தான் வைக்க வேண்டும். பார்க்கிறதுக்கு ஐந்நூறு என்று எந்த வாயால் கேட்பது? ஆறு வருஷச் சண்டை. முரளிதரன் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே யோசித்தான். ஒயர் லீக்கு என்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டுச் சாப்பிட்டான்.

மூன்று மணிக்குக் குமரேசன் சுதாவோடு வந்தான். கறுத்து ஒல்லியாக இருந்தாள். தலையில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது, தறியிலிருந்து நேரே எழுந்து வந்தவள் போல. முரளிதரன் அவளை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறான்.

"இன்னாச்சுண்ணா?" என்றான் குமரேசன்.

"ஒயர் ஒண்ணு லீக்கு. எடுத்துட்டேன். இனிமே எறங்காது."

குமரேசன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. சுதா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு கையிலிருந்த கேரி பேக்கிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினாள். உள்ளே சுடர் வடிவத்தில் ஒரு சிவப்பு பல்பு.

"இதயும் சேத்து மாட்டிக் குடுங்கண்ணா. நாலு பக்கமும் எரியட்டும்."

"நான் இப்ப சாமியத் தொடக் கூடாதும்மா. பெரியப்பா தவறிட்டாரு. தீட்டு."

"அடடா" என்றான் குமரேசன். துக்கம் கேட்டான். பிறகு காரை எட்டிப் பார்த்தான். முருகன் இருந்த இடத்திலேயே இருந்தார். "எப்பவும் அவர எறக்கி வெச்சுட்டுத்தானே பாப்பீங்க? இன்னிக்கு யாருண்ணா எறக்குனது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான்.

"யாரும் எறக்கல" என்றான் முரளிதரன். வாய் நிற்கவில்லை. "அதனாலதான் கண்டுபிடிச்சேன்."

சொன்ன பிறகு மூடி வைக்க முடியாது. முழுவதையும் சொன்னான். மீட்டர் காட்டியதை, சட்டையில் விழுந்த வெளிச்சத்தை, சாவி பையில் இருந்ததை. டைனமோவில் ஒன்றும் இல்லை என்பதையும், அது அன்றைக்கே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் குமரேசன் முகத்தைப் பார்க்காமல் பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சாமி வெளக்காண்ணா?" என்றான் குமரேசன். அவனுக்கு அதைத் தாண்டி எதுவும் ஏறவில்லை. "சாமி வெளக்கு போயி..."

சுதாவுக்கு ஏறிவிட்டது. இரண்டு தறியை ஓட்டி, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில் கட்டுகிறவளுக்கு யூனிட் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. "ஒரு பல்பு எவ்ளோ இழுக்குது?" என்று கேட்டாள்.

"முக்கா ஆம்பியருக்கு மேல."

"மூணு வெச்சேன்" என்றாள் அவள். "மொத வாட்டி நின்னப்போ ஒரு வெளக்கு பத்தல, அவரு நம்மள பாக்கலன்னு நெனச்சேன். அதுக்கப்பறமும் நின்னுது. அந்த முருகன் மேல எனக்கு அவ்ளோ கோவம் வந்துதுண்ணா. கோவத்துலதான் மூணாவத மாட்டனேன்." அவள் கண் கலங்கியது, அதே சமயம் சிரிப்பும் வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலாவது பல்பை டப்பாவோடு திரும்பப் பைக்குள் போட்டாள்.

பிறகு வாசலுக்குப் போய்ப் பலகையை நின்று படித்தாள். திரும்பி வந்து, "மொத வாட்டி வண்டிய பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை.

முரளிதரன் யோசித்தான். "இல்ல" என்றான்.

"ரெண்டாவது வாட்டி?"

"இல்ல."

"இன்னிக்குப் பாத்தீங்க. அப்ப ரெண்டு ஐந்நூறு எங்குளுது. ஒரு ஐந்நூறு உங்குளுது. பேட்டரி பழசுதான், அது போவட்டும்."

"டைனமோ காசும் உங்களுதும்மா" என்றான் முரளிதரன். "அத நான் தரணும்." மேஜை டிராயரில் இருந்ததை எடுத்து வைத்து, குறைந்ததைப் போனிலிருந்து அனுப்பினான். நாலாயிரத்து எண்ணூறு. அனுப்பி முடித்த பிறகு, "இன்னிக்குக் கூலி வேணாம்மா" என்றான். அவனுக்கு அவர்கள் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது.

"இன்னாத்துக்கு வேணாம்?" என்றாள் சுதா. "திருவள்ளூர்ல கம்ப்யூட்டர வெச்சு ஒண்ணும் இல்லன்னு சொன்னதுக்கு ஆயிரத்து எண்ணூறு குடுத்துருக்கோம். நீங்க கண்டுபிடிச்சீங்கல்ல?" இடுப்புப் பர்ஸிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, நாலாய் மடித்திருந்ததைப் பிரித்து நீவி, மீட்டர் பெட்டியின் மேல் வைத்தாள். பத்து ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் அந்தக் கூலியைப் பேரம் பேசாமல், புரிந்து கொடுத்த முதல் ஆள் அவள்தான். முரளிதரனுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று எந்த மீட்டரை வைத்தும் அளக்க முடியாது.

குமரேசன் வண்டியை எடுத்தான். ஒரே திருப்பில் கிளம்பியது. மூன்று விளக்கும் எரிந்தன. சுதா எட்டிச் சாவியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். மூன்றும் அணைந்தன.

"அணையுதே சுதா" என்றான் குமரேசன், பதறிப்போய்.

"அணையட்டும். வண்டி நின்னா அவரும் தூங்கட்டும்" என்றாள் அவள். "நாமளும் தூங்கலாம்."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு முரளிதரன் போனுக்கு ஒரு படம் வந்தது. ஓடுகிற காரின் டேஷ்போர்டு, மூன்று விளக்கோடு முருகன். திங்கட்கிழமையும் அதே படம் வந்தது. அதற்குள் கதை கார் ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது; பரப்பியது குமரேசனே. எதிர்பார்த்த பெயரையே வைத்தார்கள். அசோக்குமார் டீ ஆற்றிக்கொண்டே தினம் ஒரு தடவை, "முரளி, இன்னிக்கு யார எறக்கி வெச்சே?" என்று கேட்டான்.

தீட்டுக் கழிந்த மறுநாள் திருவாலங்காட்டிலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் காரோடு வந்தார். ஒரு பக்கம் ஹெட்லைட் எரியவில்லை. பலகையைப் படித்துவிட்டு, எல்லாரையும் போல முகத்தைச் சுளித்தார்.

"சும்மா பாக்கறதுக்கே ஐந்நூறாப்பா?"

முரளிதரன் ஸ்கேன் சென்டரை இழுக்கவில்லை.

"ஆங். பாத்தா மட்டுந்தான்" என்றான். கை கழுவிக்கொண்டு வந்து கார்க் கதவைத் திறந்து, முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டு, அவரை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு மீட்டரை எடுத்தான்.